தொகுதி தெரியும், பகுதி எது?

தேர்தல் மேடைகளில் சொல்லப்படும் வரிக் கணக்குகளைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை முழுப் பொய்யல்ல. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருக்கும். எதைக் கூட்டினார்கள், எதனால் வகுத்தார்கள் என்பதுதான் சொல்லப்படாமல் போகும். பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்தோம். மேடையில் நமக்குக் காட்டப்படுவது விடை மட்டுமே. தொகுதியில் என்னென்ன சேர்ந்தன, பகுதியில் எவை விடுபட்டன என்பதை வாக்காளர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் ஆகியவற்றை உள்ளடக்கிய காஞ்சிபுரம் (தனி) மக்களவைத் தொகுதியின் வாக்காளன் நான். 2024 தேர்தலை ஒட்டி எங்கள் பகுதியில் அதிகம் பேசப்பட்ட சில வரிக் கணக்குகளை, எந்தக் கட்சி சொன்னது என்பதைச் சற்றே மறந்துவிட்டுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். அடுத்தடுத்த தேர்தல்களிலும் இவையே வேறு எண்களோடு திரும்பி வரும் என்பதால் இந்தப் பயிற்சி வீணாகாது.

29 பைசாவும் ரூ.1.12-ம்

2024 மார்ச்சில் திமுகவுக்காகப் பிரசாரம் செய்த உதயநிதி ஸ்டாலின், தமிழ்நாடு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் மத்திய அரசு 29 பைசாவைத்தான் திருப்பித் தருகிறது என்றார். பிரதமரையே '29 பைசா' என்று பெயரிட்டு அழைத்தார். தேநீர்க் கடை முதல் புறநகர் ரயில் வரை அந்த எண் பரவியது.

அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில் சென்னையில் பேசிய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வேறொரு கணக்கைச் சொல்லியிருந்தார். 2014 முதல் 2023 மார்ச் வரை தமிழ்நாட்டிலிருந்து பெறப்பட்ட வரி ரூ.6.23 லட்சம் கோடி. தமிழ்நாட்டுக்குக் கொடுக்கப்பட்டதோ ரூ.6.96 லட்சம் கோடி என்றார். வகுத்துப் பார்த்தால் ரூபாய்க்கு ஏறத்தாழ ரூ.1.12 வருகிறது.

ஒரே மாநிலம், ஒரே மத்திய அரசு. ஒரு கணக்கில் 29 பைசா. மற்றொன்றில் கொடுத்ததைவிட அதிகம். இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆனால், இரண்டு பின்னங்களும் வெவ்வேறானவை என்பதே விஷயம். முதலாவதன் தொகுதியில் இருப்பது வரிப் பகிர்வு மட்டுமே. மானியங்களும் திட்ட நிதியும் அதில் இல்லை. இரண்டாவதன் தொகுதியில் வரிப் பகிர்வோடு மானியங்களும் சேர்ந்திருக்கின்றன. அதன் பகுதியிலோ வருமான வரி, நிறுவன வரி போன்ற நேரடி வரிகள் மட்டுமே உள்ளன; மத்திய ஜி.எஸ்.டி., சுங்க வரி, பெட்ரோல் மீதான கலால் வரி ஆகியவை இல்லை. மேலே இருப்பதைச் சுருக்கினால் விடை சிறியதாகும்; கீழே இருப்பதைச் சுருக்கினால் பெரியதாகும். இரு தரப்பும் தத்தமக்கு வசதியான இடத்தில் கத்தரியை வைத்தன.

கல்பாக்கத்தின் வரி எந்த ஊர்க் கணக்கில்?

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 'தமிழ்நாடு கொடுக்கும் வரி' என்பதே துல்லியமாக அளக்கக்கூடிய பொருள் அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

கல்பாக்கத்தில் மின்சாரம் உற்பத்தி செய்யும் சென்னை அணுமின் நிலையத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம். அதன் தலைமையகம் மும்பையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வருமான வரி அதன் தலைமையகம் அமைந்துள்ள இடத்துக் கணக்கில் பதிவாவதே பொதுவான வழக்கம். உலை எங்கள் கடற்கரையில் ஓடினாலும் இலாபத்தின் மீதான வரி மகாராஷ்டிரத்தின் பெயரில் சேரும். நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மகாராஷ்டிரத்தின் கணக்கில் வருவதற்கு மும்பையில் குவிந்திருக்கும் தலைமையகங்களும் முக்கியக் காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. அசோக் லேலண்ட் நிறுவனத்துக்கு உத்தராகண்டின் பந்த்நகரில் தொழிற்சாலை இருக்கிறது, தலைமையகம் சென்னையில். அங்கே உழைத்து உருவான இலாபத்தின் வரி தமிழ்நாட்டுக் கணக்கில் சேரும்.

ஜி.எஸ்.டி. வேறு விதமாகப் பாயும். எங்கள் ஊர் வழியே ஓடும் நெடுஞ்சாலைக்கே ஜி.எஸ்.டி. சாலை என்றுதான் பெயர். அது ஆங்கிலேயர் காலத்துப் பெருந்தெற்குச் சாலை, வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தச் சாலையோரம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கார்கள் பொருத்தப்படுகின்றன. அங்கிருந்து செல்லும் ஒரு கார் டெல்லியில் விற்பனையானால் அதன் மாநில ஜி.எஸ்.டி. டெல்லிக்குத்தான் போகும், ஏனெனில் இந்த வரி நுகரப்படும் இடத்துக்கு உரியது. மாறாக, டெல்லியிலிருந்து வரும் ஒருவர் மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கினால், அந்த அறை வாடகையின் மாநில ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்கு வரும். சென்னைத் துறைமுகத்தில் வசூலாகும் சுங்க வரியோ கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் செல்லும் பொருள்களுக்கும் சேர்த்து வசூலிக்கப்படுவது.

ஆகவே, 'நம்மிடமிருந்து இவ்வளவு போனது' என்று யார் சொன்னாலும், அது கணக்குப் பதிவான இடத்தைக் காட்டுகிறதே தவிர, வரிச்சுமையைத் தாங்கியவர் இருக்கும் இடத்தைக் காட்டவில்லை. தொழில் வளம் மிக்க மாநிலம், தான் பெறுவதைவிட அதிகமாகப் பொதுக் கருவூலத்துக்குக் கொடுக்கிறது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு அதிகம் என்பதைப் பைசாத் துல்லியத்தோடு சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

மறைந்துபோன உண்மையான குறை

இதனால் தமிழ்நாட்டின் மனக்குறை கற்பனை என்றாகிவிடாது. அது உண்மையானது, ஆனால் 29 பைசா அதற்கு நல்ல சாட்சியல்ல.

மத்திய வரிகளை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்பதை அரசியல் சாசனத்தின் 280ஆவது பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, பகிர வேண்டிய வரித் தொகுப்பில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பிகாருக்கு 10.058. நாட்டின் மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. பங்கு அதைவிடக் குறைவாக இருப்பதற்கு முதன்மைக் காரணம், தனிநபர் வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்கு அதிகம் தரும் அளவுகோலுக்கு 45 விழுக்காடு எடை கொடுக்கப்பட்டதாகும். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது கூட்டாட்சியின் நியாயமே. அதற்கு இவ்வளவு எடை வேண்டுமா, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 விழுக்காடும் வரி வசூல் முயற்சிக்கு 2.5 விழுக்காடும் போதுமா என்பது விவாதத்துக்கு உரிய கேள்வி. அது கொள்கை பற்றிய கேள்வி. ஏமாற்று பற்றியது அல்ல.

இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2000-05 காலத்துக்கான 11ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு 5.385 விழுக்காடு கொடுத்தது. அது 4.079 ஆகச் சரிந்தது என்பது சரி. ஆனால், அப்போது மாநிலங்களின் மொத்தப் பங்கு 29.5 விழுக்காடுதான். இரண்டையும் பெருக்கினால், பகிரப்படும் தொகுப்பின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் தமிழ்நாட்டுக்கு அன்று கிடைத்தது ரூ.1.59, 15ஆவது நிதிக்குழுவின்படி ரூ.1.67. சரிவை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவதும் பகுதியை மறைக்கும் வேலையே.

அப்படியானால் குறை எங்கே? தொகுப்புக்குள் வராத பணத்தில் இருக்கிறது. செஸ் எனப்படும் மேல்வரியையும் சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரியையும் மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இவற்றின் அளவு வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கியது. நூறு ரூபாயில் 20 ரூபாய் வெளியே வைக்கப்பட்டால், மீதி 80 ரூபாயில்தான் 41 விழுக்காடு, அதாவது ரூ.32.80. காகிதத்தில் 41 என்று இருப்பது கையில் 33-ஆகச் சுருங்குகிறது. தமிழ்நாட்டின் ரூ.1.67, ரூ.1.34 ஆகிறது.

இதற்குப் பெட்ரோலே சிறந்த உதாரணம். 2024 தேர்தலின்போது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு விதித்த கலால் வரி ரூ.19.90. அதில் மாநிலங்களோடு பகிரக்கூடிய அடிப்படைக் கலால் வரி ரூ.1.40 மட்டுமே. மீதி ரூ.18.50, சிறப்புக் கூடுதல் வரி, வேளாண் மேல்வரி, சாலை மேல்வரி என்ற பெயர்களில் முழுவதும் மத்திய அரசிடமே தங்கியது. இந்த ஒற்றைக் கணக்கை எந்த நிதியமைச்சராலும் எளிதில் மறுக்க முடியாது. ஆனால், மேடையில் 29 பைசா பேசப்பட்ட அளவுக்கு இந்த ரூ.1.40 பேசப்படவில்லை. எளிதில் மறுக்கக்கூடிய எண்ணை முன்னே நிறுத்தியதால், மறுக்க முடியாத எண் பின்னே போய்விட்டது.

75 ரூபாய் பெட்ரோல் சாத்தியமா?

அதே பெட்ரோலைப் பற்றி திமுக ஒரு வாக்குறுதியும் கொடுத்தது. 2024 மார்ச் 20 அன்று வெளியான அதன் தேர்தல் அறிக்கை, மத்தியில் ஆட்சி மாறினால் பெட்ரோல் லிட்டர் ரூ.75-க்கும் டீசல் ரூ.65-க்கும் வழங்கப்படும் என்றது. அப்போது சென்னையில் பெட்ரோல் விலை ரூ.100.75. குறைக்க வேண்டியது ரூ.25.75.

மத்திய அரசு தன் ரூ.19.90 கலால் வரியை முழுவதுமாக, ஒரு பைசாகூட மிச்சமில்லாமல் நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 13 விழுக்காடும் லிட்டருக்கு ரூ.11.52-ம் சேர்ந்தது. கலால் வரியின் மீதும் அந்த 13 விழுக்காடு விழுவதால், அதிலும் ரூ.2.59 குறையும். மொத்தக் குறைப்பு ரூ.22.49. விலை ரூ.78.26. இன்னும் 75 வரவில்லை. மீதி மூன்று ரூபாய் சொச்சம் எண்ணெய் நிறுவனங்களின் விலையிலிருந்தோ மாநில அரசின் வரியிலிருந்தோ வர வேண்டும். மாநிலத்தின் பங்கு அப்போது லிட்டருக்கு ஏறத்தாழ ரூ.21 முதல் ரூ.22 வரை, அதாவது மத்திய அரசின் வரியைவிடச் சற்றே அதிகம். அந்த வரியைக் குறைப்பதற்கு டெல்லியில் ஆட்சி மாற வேண்டிய அவசியமில்லை.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் பெட்ரோலுக்கு ரூ.5, டீசலுக்கு ரூ.4 குறைப்பதாக திமுக வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஆண்டு ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு ரூ.3 குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு ரூ.1,160 கோடி வருவாய் இழப்பு என்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தெரிவித்தார். மூன்று ரூபாய்க்கே இவ்வளவு விலை என்றால், 25 ரூபாய்க்கான விலையை யார் தாங்குவார்கள் என்பதை வாக்குறுதியோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வாக்குறுதியில் இல்லாத வரி

தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்து முடித்தது. ஐந்து நாள் கழித்து வடக்கே வேறொரு வரிச் சண்டை மூண்டது. அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள வாரிசுரிமை வரி பற்றி அயலகக் காங்கிரஸ் தலைவர் சாம் பிட்ரோடா சொன்னதை எடுத்துக்கொண்டு, காங்கிரஸ் வந்தால் பெற்றோரின் சொத்து பிள்ளைகளுக்குச் சேராது என்று பிரதமர் நரேந்திர மோடி பேசினார். காங்கிரஸின் தேர்தல் அறிக்கையில் வாரிசுரிமை வரி இல்லை. தலைவர் ஒருவர் பேசியதும் கட்சி எழுதிக் கொடுத்ததும் ஒன்றல்ல. ஆயினும், பொறுப்பில் இருப்பவர் வாய் தவறிச் சொன்னாலும் அதற்குக் கட்சி விளக்கம் கொடுக்கக் கடமைப்பட்டது. காங்கிரஸ் அதைத் தனிப்பட்ட கருத்து என்று ஒதுக்கியது.

அடுத்த நாள் மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவில் பிரதமர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தாய் இந்திரா காந்தியின் சொத்து அரசுக்குப் போகாமல் காப்பதற்காகவே ராஜீவ் காந்தி அந்த வரியை ஒழித்தார் என்றார். இதைச் சரிபார்க்க இரண்டு தேதிகள் போதும். 1953இல் கொண்டுவரப்பட்ட எஸ்டேட் வரி, 1985 மார்ச் 16 அன்றோ அதற்குப் பின்போ நிகழும் இறப்புகளுக்கு மட்டுமே நீக்கப்பட்டது. இந்திரா காந்தி கொல்லப்பட்டது 1984 அக்டோபர் 31. அந்த நீக்கம் அவருடைய சொத்துக்குப் பொருந்தவே வழியில்லை. ஒழித்ததற்கு அன்றைய நிதியமைச்சர் வி.பி.சிங் கொடுத்த விளக்கம், வசூல் சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்பதாகும். மற்ற கணக்குகளில் பகுதி மறைக்கப்பட்டது என்றால், இதில் தேதியே மறைக்கப்பட்டது.

மேடைக்கு வராத வரி

இவ்வளவு சத்தத்துக்கு நடுவே, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்புச் சீட்டாக வரும் சொத்து வரியைப் பற்றி மேடைகளில் யாரும் வெளிப்படையாகப் பேசியதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

2018 ஜூலையில் அதிமுக அரசு சொத்து வரியைக் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடும் வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடும் வரை உயர்த்தியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, அதை நிறுத்திவைத்தது. 2021இல் திமுக, கொரோனா பாதிப்பிலிருந்து பொருளாதாரம் சீராகும் வரை சொத்து வரி உயர்த்தப்படாது என்று வாக்களித்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. அடுத்த ஆறு வாரங்களுக்குள் 25 முதல் 150 விழுக்காடு வரையிலான உயர்வு அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு போன்ற நகராட்சிகளிலும் அன்று பேரூராட்சியாக இருந்த மாமல்லபுரத்திலும், 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடு என்பது அளவு.

அரசு சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. நகர உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பெற, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்த வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது. ஆனால், அந்த நிபந்தனை 2022 ஏப்ரலில் முளைத்தது அல்ல. குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வாக்குக் கேட்டு வீட்டுப் படி ஏறியவர்கள் அதைச் சொல்லியிருக்கலாம். 'வரியை உயர்த்தாவிட்டால் மானியம் வராது, மானியம் வராவிட்டால் குப்பை லாரியும் கால்வாயும் இல்லை, எது வேண்டும்?' என்று கேட்டிருந்தால், எங்கள் வாக்காளர்கள் அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லியிருப்பார்கள். எதிர்க்கட்சியும் தான் 2018இல் உயர்த்தியதை மறைக்காமல் வாதாடியிருக்கலாம்.

வரி பற்றிய தேர்தல் பேச்சில் உண்மையில் பறிபோவது இந்த வாய்ப்புதான். எவ்வளவு வரி, யாரிடமிருந்து, எதற்காக என்று நேர்மையாகக் கருத்து வேறுபடுவது மக்களாட்சியின் அடிப்படை வேலை. பாதி மறைக்கப்பட்ட பின்னங்களை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆதரிக்கலாம், கைதட்டலாம், கோபப்படலாம், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஒரு வேட்பாளர் வரிக் கணக்கோடு வரும்போது, பொருளாதாரம் படிக்காதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. இந்த எண்ணில் எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள்? இதைச் செய்யும் அதிகாரம் சட்டப்படி நாடாளுமன்றத்திடமா, சட்டப்பேரவையிடமா, நகராட்சி மன்றத்திடமா? குறைப்பதாகச் சொல்லும் பணம் இப்போது எந்தச் செலவுக்குப் போகிறது, நாளை அதை யார் தருவார்? மூன்றுக்கும் பதில் சொல்பவர் நமக்குப் பிடிக்காத கட்சியைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவரோடு குறைந்தபட்சம் விவாதிக்க முடியும்.